ஸ்டார்ட் பொத்தான் இல்லாத ஜாய்ஸ்டிக்

நாற்பத்து மூன்று வயதுப் பெண் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு வீடியோ கேம் விளையாடுகிறாள் என்றால் எங்கள் வட்டாரமான செக்காலையில் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். பேசியும் விட்டார்கள். "காலாகாலத்துல ஒரு கல்யாணம் காச்சி ஆகியிருந்தா இந்தக் கிறுக்கெல்லாம் வந்திருக்குமா?" என்று கீழே குடியிருக்கும் வீட்டுக்காரம்மா, படியேறும் என் காதில் விழும்படியாகவே சொன்னார். கிறுக்கு எனக்குப் பதினொரு வயதிலேயே வந்துவிட்டதம்மா, கல்யாணப் பேச்சு அதற்கப்புறம்தான் வந்தது என்று சொல்ல வாய்வரை வந்தது. வாடகைக்குக் குடியிருப்பவள் அவ்வளவு பேசக்கூடாது என்று விழுங்கிக்கொண்டேன்.

அந்தக் கிறுக்கைக் கொண்டுவந்தவர் எங்கள் மாமா. சிங்கப்பூரிலிருந்து வந்தவர் பெட்டியைத் திறந்து அம்மாவுக்குத் தைலம், அப்பாவுக்கு டார்ச் லைட், அண்ணனுக்கு டிவி கேம், எனக்குப் பூப்போட்ட கைக்குட்டை மூன்று என்று எடுத்து வைத்தார். கைக்குட்டைகள் என்ன ஆயின என்று நினைவில்லை. டிவி கேம் இன்றும் என் அலமாரியில் இருக்கிறது. வெள்ளை உடம்பு பழுத்து மஞ்சளாகிவிட்டது. அதோடு வந்த கேசட்டின் மேல் 9999 ஆட்டங்கள் என்று போட்டிருந்தது. அத்தனையும் புளுகு. ஏழெட்டு ஆட்டங்களையே பெயரை மாற்றி மாற்றிப் பட்டியல் போட்டிருந்தான். எங்காவது புதிதாக ஒன்று ஒளிந்திருக்காதா என்று அண்ணனும் நானும் ஒரு கோடை விடுமுறை முழுக்க அந்தப் பட்டியலைக் கடைசிவரை தேடினோம். இல்லை. ஆனாலும் அந்தப் புளுகனை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். ஏழு ஆட்டத்தையாவது ஒழுங்காகக் கையில் கொடுத்துவிட்டுப் புளுகினான்.

பெட்டியோடு இரண்டு ஜாய்ஸ்டிக் வந்தன. முதலாவதில் நடுவே ஸ்டார்ட், செலக்ட் என்று இரண்டு சின்னப் பொத்தான்கள் இருந்தன. ஆட்டத்தைத் தொடங்குவது, நிறுத்தி வைப்பது, ஒருவர் ஆட்டமா இருவர் ஆட்டமா என்று தேர்ந்தெடுப்பது எல்லாம் அவற்றில்தான். இரண்டாவது ஜாய்ஸ்டிக்கில் அந்த இடம் மொழுக்கென்று வெறும் பிளாஸ்டிக். செய்தவன் வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறான். இரண்டாவது ஆள் தொடங்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம், கூடவே ஓடிவந்தால் போதும் என்று நினைத்திருப்பான். எது யாருக்கு என்று எங்கள் வீட்டில் பேச்சே எழவில்லை. அண்ணனுக்கு முதலாவது, எனக்கு இரண்டாவது. ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால்கூட "அண்ணே, நிப்பாட்டுண்ணே" என்று கெஞ்ச வேண்டும். "இந்தக் கட்டம் முடியட்டும் புள்ள" என்பான். கட்டம் லேசில் முடியாது.

எங்களுக்குப் பிடித்தது ஒரே ஆட்டம்தான். சட்டை போடாத இரண்டு சிப்பாய்கள் காட்டுக்குள் சுட்டுக்கொண்டே ஓடுவார்கள். அண்ணன் நீல நிக்கர், நான் சிவப்பு நிக்கர். ஆளுக்கு மூன்று உயிர். அந்த ஆட்டத்தில் இரண்டு சட்டங்கள் இருந்தன, அவை இல்லாமல் நான் சொல்லப்போவது விளங்காது. ஒன்று, ஒருவன் பின்னால் நின்றுவிட்டால் மற்றவனும் முன்னால் போக முடியாது. திரை நகராது. இரண்டாவது, ஒருவனுக்கு உயிர் தீர்ந்துவிட்டால் அவன் ஒரு பொத்தானை அழுத்தி மற்றவனின் உயிரில் ஒன்றோ இரண்டோ எடுத்துக்கொள்ளலாம். கேட்க வேண்டியதில்லை. அண்ணன் கேட்டதும் இல்லை. அவனுடைய நீலக்காரன் விழுந்த மறு நொடி என் மூலையில் ஒன்று குறையும். "ஏண்ணே எடுத்தே?" என்றால், "நீ வச்சு என்ன பண்ணப்போற, எப்படியும் சாகத்தான போற" என்பான். அது சண்டை இல்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை. அவன் செத்து நான் மட்டும் ஓடுவதைவிட, என் உயிரை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் ஓடுவதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

ஆட்டத்தை நாங்கள் முடித்ததே இல்லை. ஒரே ஒரு முறை கடைசிக் கட்டம்வரை போனோம். அந்த நேரம் பார்த்து அப்பா அண்ணனைக் கல்லலுக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். அங்கே எங்கள் பங்காளி வீட்டில் ஒரு விசேஷம். அண்ணன் ஸ்டார்ட்டை அழுத்தி ஆட்டத்தை அப்படியே நிறுத்தினான். "நான் வர்ற வரைக்கும் அணைக்கக் கூடாது. டிவியை மட்டும் ஆஃப் பண்ணிக்க. பெட்டி ஓடிக்கிட்டே இருக்கணும்" என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான். அந்தப் பெட்டியில் விட்ட இடத்தைச் சேமித்து வைக்கும் வசதியெல்லாம் கிடையாது. அணைத்தால் எல்லாம் முதலிலிருந்து. இரண்டு நாள் காவல் இருந்தேன். பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கும் அடாப்டர் தோசைக்கல் மாதிரி கொதித்தது. ஈரத் துணியைத் தட்டில் விரித்து, அதன் மேல் கிண்ணத்தைக் கவிழ்த்து, கிண்ணத்தின் மேல் அடாப்டரை வைத்து விசிறியால் வீசிக்கொண்டிருந்தேன். பெரிய மனுசங்களுக்குக்கூட நான் அப்படி வீசியதில்லை என்று அப்பா பிற்பாடு கேலி செய்தார்.

இரண்டாம் நாள் சாயங்காலம் நான் குளிக்கப் போன நேரத்தில் அம்மா அந்த வயரைப் பிடுங்கிவிட்டு இஸ்திரிப் பெட்டியைச் சொருகிவிட்டாள். வந்து பார்த்தால் பெட்டியின் சிவப்பு விளக்கு இல்லை. நான் அழுத அழுகையில் அம்மா பயந்துபோனாள். அண்ணன் வந்ததும் கத்துவான் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "கரண்ட் போயிருச்சுண்ணே" என்று சொன்னேன். பக்கத்து வீட்டில் விசாரித்துவிட்டு வந்து, நான்தான் காலால் இடறி அணைத்துவிட்டேன் என்று அவனே தீர்ப்பும் எழுதிவிட்டான். ஒரு வாரம் பேசவில்லை. அம்மாவைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

அப்புறம் அவனுக்கு பிளஸ் டூ, கல்லூரி, பிறகு வெளிநாடு. எனக்கும் கல்லூரி, இங்கேயே ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் வேலை. அவனுக்கு விளையாட்டு விட்டுப்போயிற்று, எனக்கு விடவில்லை. ஊரில் கேம் கடைகள் வந்தபோது அவற்றில் பையன்கள் மட்டும் அடைந்து கிடந்தார்கள். என்னை வாசலில் பார்த்தாலே "தம்பியத் தேடி வந்தீகளாக்கா?" என்று கேட்டார்கள். அதனால் சம்பளம் வந்ததும் முதலில் கம்ப்யூட்டர் வாங்கினேன். வந்த ஆட்டங்களை எல்லாம் வரிசையாக விளையாடினேன். அப்பா போன பிறகு அம்மா பக்கவாதத்தில் விழுந்து படுக்கையான பதினோரு வருடமும் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் என் திரை இருந்தது. அவளுக்கு வாய் கொஞ்சம் குழறும். திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இன்னுமா அவன் சாகல?" என்று கேட்பாள். பெரிய அரக்கனோடு நான் மூன்றாம் நாளாகப் போராடிக்கொண்டிருப்பேன். "சாக மாட்டேங்குறாம்மா" என்பேன். "ஒனக்கு ஒண்ணுமே சீக்கிரம் நடக்காது" என்பாள். வரன் பார்க்க வந்தவர்கள் அந்தக் கட்டிலைப் பார்த்துவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போனதைத்தான் சொல்கிறாள் என்று எனக்கு விளங்கும். இரண்டு பேரும் சிரித்துக்கொள்வோம்.

அம்மா போய் பதினாறாம் நாள் காரியம் முடிந்து கிளம்பும்போது அண்ணன் என் தலையில் கை வைத்துச் சொன்னான். "பையனுக்கு அங்க புதுசா கேம் பெட்டி வாங்கியிருக்கேன். நீயும் ஒண்ணு வாங்கு புள்ள. ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம நெட்ல ரெண்டு பேரும் விளையாடுவோம். தனியா இருக்கோம்னு நெனக்காத." துக்க வீட்டில் சொல்வதையெல்லாம் பேச்சுக்குச் சொல்வது என்று எடுத்துக்கொள்ளத் தெரிய வேண்டும். எனக்குத் தெரியவில்லை. அடுத்த மாதமே வாங்கிவிட்டேன்.

இந்தக் காலத்து ஆட்டங்களைப் பற்றி எனக்கு இருக்கும் வயிற்றெரிச்சலை இங்கே கொஞ்சம் கொட்டிக்கொள்கிறேன். அந்தக் காலத்தில் கேசட்டைச் சொருகினால் ஆட்டம் வரும். வராவிட்டால் வாயால் ஊதிச் சொருகினால் வரும். (ஊதினால் எச்சில் ஈரம் பட்டு உள்ளே இருக்கும் செம்பில் களிம்பு ஏறும் என்று முப்பது வருடம் கழித்துத் தெரிந்துகொண்டேன். எங்கள் தலைமுறை முழுக்க ஆசை ஆசையாக ஊதியே கேசட்டுகளைக் கெடுத்தது.) இப்போதோ குறுந்தட்டைப் போட்டால் தொண்ணூறு ஜிபி இறக்கு என்கிறது. என் வீட்டு நெட்டில் அது இறங்க ஒன்றரை நாள். இறங்கியதும் உன் பெயரைச் சொல், மின்னஞ்சலைச் சொல், போனுக்கு வந்த எண்ணைச் சொல் என்கிறது. பெண் பார்க்க வந்தவர்கள்கூட அவ்வளவு கேட்கவில்லை. எல்லாம் சொன்ன பிறகு முக்கால் மணி நேரம் சினிமா காட்டுகிறது. அப்பாடா என்று ஓடத் தொடங்கினால் கடைக்குள் கொண்டுபோய் விட்டு, சட்டை வாங்கு, தொப்பி வாங்கு என்கிறது. என் சிவப்புக்காரனுக்கு ஆயுசு முழுக்க ஒரே நிக்கர்தான். அவன் ஒரு நாளும் வெட்கப்பட்டதில்லை.

அதுகூடப் போகட்டும். ஆசையாக வாங்கிய ஓர் ஆட்டத்தை, சர்வரை மூடுகிறோம் என்று அறிவித்துவிட்டு ஒரு நாள் மொத்தமாக நிறுத்திவிட்டார்கள். தட்டு என் கையில் இருக்கிறது, ஆட்டம் உலகத்தில் எங்கேயும் இல்லை. விற்ற சாமானை வீடு புகுந்து எடுத்துக்கொண்டு போவதற்கு வேறு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. இதையெல்லாம்விட எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. ஒரே பாயில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே டிவியில் விளையாடும் ஆட்டம் அத்திபூத்தாற்போல்தான் வருகிறது. உலகத்தில் எவனோடு வேண்டுமானாலும் ஆடலாம், பக்கத்தில் இருப்பவரோடு ஆட முடியாது. ஒருமுறை மைக்கில் நான் ஏதோ சொல்ல, பெண் குரல் என்று தெரிந்ததும் முன்பின் தெரியாத நாலு பேர் என்னென்னவோ பேசினார்கள். அன்றோடு மைக்கைப் பிடுங்கிப் பெட்டிக்குள் போட்டேன்.

அண்ணன் மூன்று ஞாயிறு வந்தான். முதல் ஞாயிறு இரண்டு பேருக்கும் அப்டேட் இறங்குவதிலேயே போயிற்று. இரண்டாவது ஞாயிறு அரை மணி நேரம் ஓடினோம். மூன்றாவது ஞாயிறு அவன் பாதியில், "மதினி கூப்பிடுறா, இந்தா வந்துர்றேன்" என்று போனான். அப்புறம் அவன் பெயருக்குக் கீழே, கடைசியாக வந்தது நான்கு நாட்களுக்கு முன், பதினோரு நாட்களுக்கு முன், நாற்பத்தேழு நாட்களுக்கு முன் என்று அந்தப் பெட்டி எனக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. யார் கேட்டார்கள்? பழைய பெட்டிக்கு இந்தக் கெட்ட பழக்கம் கிடையாது. ஒவ்வொரு ஞாயிறும் அந்த எண்ணைப் பார்ப்பதற்காகவே திறந்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அம்மாவின் வருசத் தெவசத்துக்கு அண்ணன் மட்டும் வருகிறான் என்று தெரிந்ததும் எனக்குள் ஒரே ஒரு ஆசை வந்து உட்கார்ந்துகொண்டது. நெட்டும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்தப் பழைய ஆட்டத்தை ஒரு முறை முடித்துவிட வேண்டும். சனிக்கிழமை தெவசம், திங்கட்கிழமை விடியும்போது திருச்சியில் அவனுக்கு விமானம். நடுவே ஒரு முழு ஞாயிறு இருந்தது.

கேசட்டின் களிம்பைப் பஞ்சுக்குச்சியில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன், ஊதவில்லை. ஆட்டம் உயிரோடு இருந்தது. ஆனால் என் புது டிவியில் போட்டால் பொத்தானை அழுத்திக் கண் சிமிட்டும் நேரம் கழித்துத்தான் சிப்பாய் குதிக்கிறான். அதற்குள் குண்டு பட்டுச் செத்துவிடுகிறான். இந்த ஆட்டத்துக்குப் பழைய டியூப் டிவி வேண்டும். எங்கள் ஊரில் பழைய சாமானுக்கா பஞ்சம் என்று பழம்பொருள் விற்கும் தெருவுக்குப் போனேன். தேக்குத் தூண், பீங்கான் தூக்கு, வெள்ளைக்காரன் காலத்துக் கடிகாரம் எல்லாம் இருந்தன. டியூப் டிவி என்றதும் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நூறு வருசமான சாமானா இருந்தாச் சொல்லுங்கக்கா, எங்க இருந்தாலும் எடுத்துத் தாரேன். இருவது வருசத்துச் சாமானெல்லாம் குப்பை. அது பழசும் இல்ல, புதுசும் இல்ல" என்றார். நானும் அந்த வகைதானே என்று நினைத்தபடி வெளியே வந்தேன்.

கடைசியில் எங்கள் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஓர் அக்காவுக்கு மானகிரியில் இருக்கும் வீட்டில் ஒன்று கிடைத்தது. அதன் மேல் துணி விரித்து சாமி படங்களை வைத்திருந்தார்கள். "அது ஓடுமான்னு தெரியல, சாமியெல்லாம் எறக்கி வச்சுட்டு வேணா எடுத்துக்க" என்றார். ஓடியது. ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். படியில் ஏற்ற ஆட்டோக்காரர் உதவினார். வீட்டுக்காரம்மா மோவாயில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தெவசம் நல்லபடியாக முடிந்தது. ஞாயிறு காலை இட்லி சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்த அண்ணன், டியூப் டிவியையும் அதன் முன்னால் பாயையும் இரண்டு ஜாய்ஸ்டிக்கையும் பார்த்து அப்படியே நின்றான். "ஏ புள்ள, இதெல்லாம் இன்னுமா வச்சிருக்க?" என்றான். அவன் குரல் கொஞ்சம் இறங்கியது. பிறகு வேட்டியை மடித்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தான். கேட்காமலே முதல் ஜாய்ஸ்டிக்கை எடுத்துக்கொண்டான். எனக்குச் சிரிப்பாக வந்தது.

அன்றைக்கு நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அவனுக்குத் தொப்பை வந்துவிட்டது, கண்ணாடி வந்துவிட்டது, குதிக்க வேண்டிய இடத்தில் குனிகிறான். முதல் மூன்று ஆட்டங்கள் மளமளவென்று செத்தோம். பிறகு கை பழைய வழியைக் கண்டுபிடித்துக்கொண்டது. எந்த மரத்துக்குப் பின்னால் எவன் நிற்பான் என்று மூளைக்குத் தெரியவில்லை, கட்டைவிரலுக்குத் தெரிந்தது. மத்தியானச் சாப்பாட்டைத் தட்டில் போட்டுத் திரைக்கு முன்னாலேயே சாப்பிட்டோம். "அம்மா இருந்தா இப்ப, இன்னுமா அவன் சாகலன்னு கேக்கும்" என்றேன். அவனுக்கு அது தெரியாது. அந்தப் பதினோரு வருடத்தில் அவன் இருந்ததெல்லாம் கூட்டினால் நாலைந்து மாதம் வரும். நான் சொன்னதைக் கேட்டுச் சும்மா சிரித்துவைத்தான்.

மூன்று மணிக்குக் கடைசிக் கட்டம் வந்தது. அதன் வாசலிலேயே அவனுடைய நீலக்காரன் விழுந்தான். உயிர் தீர்ந்துவிட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை, என் மூலையைத்தான் பார்த்தேன். ஒன்று குறைந்தது. கையோடு இன்னொன்றும் குறைந்தது. "அன்னைக்கு நீ கால வச்சு அணைக்காம இருந்தா இத அப்பவே முடிச்சிருப்போம்" என்று திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான். அம்மாதான் பிடுங்கினாள் என்று சொல்ல இனி தடையேதும் இல்லை. சொல்லத் தோன்றவில்லை. "ஆமாண்ணே" என்றேன்.

அப்போது போன் வந்தது. கல்லல் பங்காளி ஒருவர் திருச்சிக்குக் காரில் போகிறாராம், அதற்கு முன்னால் அவர் வீட்டில் ஒரு வாய் காப்பி சாப்பிட்டுவிட்டுப் போகலாமாம். அண்ணன் ஸ்டார்ட்டை அழுத்தினான். சின்னதாக ஒரு இசை வந்து, எல்லாம் அப்படியே நின்றது. "அவுக காரோட நிக்கிறாக. ஒரு எட்டு பாத்துட்டு வந்துர்றேன். விமானத்துக்கு இன்னும் நேரம் கெடக்கு. அப்படியே இருக்கட்டும் புள்ள, அணச்சுறாத" என்றான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் படியிறங்கினான். பார்த்தேன். எதற்குப் பை என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவன் ஒரு பொய் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

ஆறு மணிக்குக் கூப்பிட்டான். பின்னால் கார் ஓடும் சத்தம். "கோவிச்சுக்காத. இவுகளோடயே போயிர்றேன், இல்லன்னா ராத்திரி வண்டி தேடணும். அடுத்த தடவ வரும்போது கண்டிப்பா முடிச்சுருவோம்." அடுத்த தடவை என்பது அவன் கணக்கில் இரண்டு வருடம். "சரிண்ணே, பாத்துப் போ" என்றேன்.

நான் அணைக்கவில்லை. பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தேதான் அணைக்கவில்லை. டிவியை மட்டும் நிறுத்தினேன். அடாப்டருக்குக் கீழே ஈரத் துணி விரித்தேன், கிண்ணத்தைக் கவிழ்த்தேன். இந்த முறை விசிறிக்குப் பதில் டேபிள் ஃபேன். கரண்ட் போனால் தாங்குவதற்கு யுபிஎஸ் இருந்தது. காலையில் அலுவலகம் போகும்போது துணியை நனைத்துவிட்டுப் போவேன். அங்கே மாணவர்களுக்குச் சான்றிதழ் எழுதிக்கொண்டிருக்கும்போது அடாப்டர் ஞாபகம் வரும். மத்தியானம் பஸ் பிடித்து வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போன நாளும் உண்டு. சாயங்காலம் டிவியைப் போட்டால் இரண்டு பேரும் விட்ட இடத்தில் நிற்பார்கள், நீலக்காரன் துப்பாக்கியைத் தூக்கியபடி, சிவப்புக்காரன் அவனுக்கு ஓரடி முன்னால். பார்த்துவிட்டு அணைப்பேன். விமானம் இறங்கியதும் அவன் அனுப்பியிருந்த செய்திக்குப் பிறகு வேறு ஒன்றும் வரவில்லை. ஆட்டத்தைப் பற்றி அவன் கேட்கவும் இல்லை.

அடுத்த ஞாயிறும் போயிற்று. அதற்கடுத்த ஞாயிறு காலையில் அடாப்டரிலிருந்து லேசாகக் கருகிய வாடை வந்தது. இன்னும் இரண்டு வருடம் தாங்காது, இரண்டு நாள்கூடத் தாங்காது என்று தெரிந்தது. பாயை விரித்து உட்கார்ந்தேன். அவனுடைய ஜாய்ஸ்டிக்கை எடுத்து ஸ்டார்ட்டை அழுத்தினேன். அவன் நிறுத்தி வைத்ததை நான் தொடங்கியது இத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை. உடனே அதைக் கீழே போட்டுவிட்டு என்னுடையதை எடுத்துக்கொண்டேன்.

நீலக்காரன் நின்ற இடத்தில் நின்றான். நான் முன்னால் ஓடினேன், திரை நகரவில்லை. திரும்பி வந்து அவன் மேல் பாய்ந்தவர்களைச் சுட்டேன். பிறகு அவன் ஜாய்ஸ்டிக்கை எடுத்து அவனைப் பத்தடி நடத்தி, அதைப் போட்டுவிட்டு என்னுடையதை எடுத்து நான் பத்தடி நடந்து, மறுபடி அவனை நடத்திப் பார்த்தேன். இரண்டு திரை தூரம்கூடப் போக முடியவில்லை. கை மாறும் நேரத்தில் எவனாவது வந்துவிடுகிறான். கடைசியில் அவனை ஒரு மூலையில் நிறுத்திவிட்டு, அவனைச் சுற்றிச் சுற்றி நின்று வருகிறவர்களை எல்லாம் சுட்டுக்கொண்டிருந்தேன். வந்துகொண்டே இருந்தார்கள். அரை மணி நேரம் அப்படி அவனுக்குக் காவல் நின்றிருப்பேன். கட்டைவிரல் வலித்தது. நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று திடீரென்று எனக்கே உறைத்தது. அவன் மூலையில் இருந்த இரண்டு உயிரும் என்னிடமிருந்து எடுத்தவை. என் மூலையில் ஒன்றுதான் மிச்சம்.

சுடுவதை நிறுத்தினேன். மேலே ஒரு மேட்டில் ஏறி நின்றுகொண்டேன். நீலக்காரன் விழுந்தான். மின்னி மின்னி மறுபடி எழுந்தான். அவன் விழுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன், அழுகையாக வந்தது, ஆனாலும் கீழே இறங்கவில்லை. இரண்டாம் முறையும் விழுந்தான். அவன் மூலை காலியாயிற்று. பழக்கத்தில் என் கண் என் மூலைக்குப் போயிற்று. அங்கே ஒன்று இருந்தது. குறையவில்லை. பொத்தானை அழுத்த யாரும் இல்லை.

ஓடினேன். திரை நகர்ந்தது. அந்த ஒற்றை உயிரை வைத்துக்கொண்டு கடைசி அரக்கன்வரை ஓடினேன். அவனைச் சாகடிக்க அதிக நேரம் பிடிக்கவில்லை, இவ்வளவுதானா என்று இருந்தது. ஒரு தீவு வெடித்தது, ஒரு ஹெலிகாப்டர் பறந்தது, ஏதேதோ எழுத்துகள் ஓடின. பிறகு ஆட்டம் முகப்புக்கு வந்து நின்றது. ஃபேனை நிறுத்தினேன், அடாப்டரைப் பிடுங்கினேன். துணி காய்ந்து போயிருந்தது.

யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. அண்ணனுக்கு, "முடிச்சுட்டேன்" என்று ஒரே வார்த்தை அனுப்பினேன். நான் துணியைத் துவைத்து, கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து, மத்தியானத்துக்கு உலை வைத்து, வடித்து, சாப்பிட்டும் முடித்துவிட்டேன். அதற்கப்புறம்தான் பதில் வந்தது.

"எத?" என்று கேட்டிருந்தான்.

"அடுப்படி வேலைய" என்று அனுப்பினேன். கட்டைவிரலை உயர்த்திய படம் ஒன்றை உடனே அனுப்பினான்.